மூன்றாம் பூதம்

படத்தில் எனக்குப் பெயர் இல்லை.
ஒப்பந்தத் தாளில் ‘மூன்றாம் பூதம்’ என்றிருக்கிறது.
உயரம் அறுபது மீற்றர்.
என் உயரம் ஐந்தடி, ஓர் அங்குலம்.
மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும்,
பாரத்தை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்
என்றார்கள் சூரிச்சில்.

பாரத்துக்கு நான் எங்கே போக?
தமிழ்க்கடையில் ஐந்து கிலோ சம்பா, இரண்டு பை.
முதுகில் ஒன்று, வயிற்றில் ஒன்று.
கணுக்காலில் மைசூர்ப் பருப்பு,
மகனின் பழைய காலுறைக்குள்.
ஓல்ட்டன் ரயில்நிலையத்துக்குப் பின்தெரு,
மூன்றாம் மாடி, இரவு ஒன்பதே முக்கால்.
முதியோர் இல்லத்துச் சமையலறையில்
எண்பது தட்டுக் கழுவிய கை
சோபாவைச் சுவரோடு தள்ளுகிறது.
சன்னலிலிருந்து குசினிக் கதவுவரை
பதினொரு எட்டு, என் மலைத்தொடர்.

டும்.

கீழிருந்து தும்புத்தடி: டொக், டொக்.

பத்து மணிக்குப் பிறகு குளிக்கக் கூடாது.
ஞாயிற்றுக்கிழமை போத்தல் எறியக் கூடாது.
பூதமாக நடக்கக் கூடாதென்று
வீட்டு விதிகளில் எங்கும் இல்லை;
தேடிப் பார்த்தேன்.
பிறகு கடிதம் வந்தது,
‘மதிப்புக்குரிய’ என்று தொடங்கி
‘நட்பான வணக்கங்களுடன்’ முடிகிற கோபம்.

சனிக்கிழமை கீழே இறங்கினேன்.
கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை.
வடை கொடுத்துச் சமாளிக்கிற வயது
எனக்குப் போய்விட்டது.

திருமதி நுஸ்பௌமர்
சங்கிலி விட்ட அளவுக்குக் கதவைத் திறந்தார்.
சரக்கு ரயில் ஓட்டுகிறவர்,
விடிய மூன்று மணிக்கு எழும்ப வேண்டும்.
சொன்னேன்: நடிகை. பூதம். நவம்பரில் படப்பிடிப்பு.
உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார்.
அதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை.
சங்கிலி கழன்றது.

உங்கள் அறையிலிருந்து நான் ஒருக்கால் கேட்க வேண்டும் என்றேன்.
மகனுக்குத் தொலைபேசினேன்:
அஸ்வந்த், அரிசியைக் கட்டிக்கொண்டு நட.
ஏனம்மா?
நட.

கட்டில் விளிம்பில் இரண்டு பேரும் இருந்தோம்.
மேலே என் வீடு.
பன்னிரண்டு வருடம் நான்
சண்டை பிடித்து, சோறு தின்று, தூங்கிய தளம்
இங்கிருந்து வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு,
மூலையில் ஒரு வெடிப்பு.
அது நடந்தது.
மருந்துப் பெட்டியின் மூடி கிலுகிலுத்தது.
என் பிள்ளை இல்லை அது.
எதைத் தேடி வருகிறதென்று
தனக்கே தெரியாத ஒன்று.

“சத்தம் எனக்குப் பிரச்சினை இல்லை,” என்றார்.
“இரண்டாயிரம் தொன் பின்னால் கட்டி
மலைக்குள்ளால் போகிறவள் நான்.
நிற்கிறதே, அதுதான்.
எங்கே நிற்கிறது? ஏன்?
என் தலைக்கு நேர் மேலேயா?”

மேலே அஸ்வந்த் நின்றான்.
யாராவது குறுஞ்செய்தி அனுப்பியிருப்பார்கள்.
நாங்கள் இருவரும் மூச்சுப் பிடித்து
கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்று மாதம் பாரத்தைத் தேடினேன்
அரிசியில், பருப்பில், குதிகாலில்.
அது கீழே இருந்தது,
ரயில் ஓட்டுகிற ஒருத்தியின்
அண்ணாந்த கழுத்து நரம்பில்.

படப்பிடிப்பில் சுற்றிவரப் பச்சைத் துணி,
உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி.
முதலாம் பூதம் உறுமியது.
இரண்டாம் பூதம் மரம் பிடுங்கியது.
நான் நாலு அடி வைத்து, நின்றேன்.
இயக்குநர் ஒன்றும் சொல்லவில்லை.
மைக் பிடித்திருந்த பொடியன் மட்டும்
தலை நிமிர்த்தி மேலே பார்த்தான்,
அங்கே விளக்குகளைத் தவிர எதுவும் இல்லை.
வெட்டாமல் விட்டால்
ஏழு செக்கன் வருமாம்.

இப்போதும் பிந்திய வேலை முடிந்து வந்து
சப்பாத்தை வாசலில் கழற்றுகிறேன்.
என் வரவேற்பறையில், சன்னலுக்கு இடப்பக்கம்,
இரண்டு மீற்றருக்கு ஒன்று,
கோடு போடாத ஒரு நீள்சதுரம்.
அதைச் சுற்றிப் போகிறேன்,
அறுபது மீற்றர் உயரத்தில்,
திறப்புக் கோர்வையைக் கைக்குள் பொத்தியபடி.